பொறி

வெள்ளி நள்ளிரவோடு
வைக்கெலாய்ட் தீவின் படகு நிறுவனம்
தன் இணையதளத்தை மூடுகிறது.
நிறுவனம் கைமாறிவிட்டது.
வாங்கியவர்களுக்குப் படகுகள் போதும்,
பக்கங்கள் வேண்டாம்.

எஸ்தோனியா, தார்த்து நகரம்,
நூலகத்தின் மூன்றாம் மாடி.
ஹெல்வே ராவுத்சிக் காலணியைக் கழற்றி
வெப்பக்குழாய்மேல் பாதங்களை வைத்திருக்கிறாள்.
மணி ஆறு. மூன்றரைக்கே இருட்டியாயிற்று.
அவள் ஏவிய நிரல்
முகப்பில் நுழைந்து, கண்ட இணைப்பையெல்லாம் தட்டி,
உள்ளதை உள்ளபடி அள்ளிவரப் போயிருக்கிறது.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?
கட்டணப் பட்டியல்:
ஆளுக்கு, மிதிவண்டிக்கு, கன்றுக்குட்டிக்கு.
சவப்பெட்டிக்குக் கட்டணம் இல்லை.
கடல் உறைந்தால் அதன்மேல் வண்டி ஓட்டிச் செல்ல விதிகள்:
இருக்கைப் பட்டை அணியாதீர்கள்.
கதவைப் பூட்டாதீர்கள்.
நடுவழியில் நிறுத்தி அழகு பார்க்காதீர்கள்.
பிறகு, ஏதோ ஒரு ஜனவரிப் புயலுக்கு மறுநாள் எடுத்த
நாற்பத்தொரு படங்கள்.
மதியம் அவற்றைப் புரட்டியபோது
ஒன்றில் மட்டும் நின்றுவிட்டாள்:
முழங்கால் நீரில் ஒருத்தி
கதவொன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிறாள்.
கீழே, "லெய்டா, தன் கதவோடு."

எட்டரைக்கு எண்ணிக்கையைப் பார்த்தாள்.
பதினோராயிரம் பக்கம்.
மகிழ்ச்சியாக இருந்தது.
ஒன்பது மணிக்கு, இவ்வளவு இருக்காதே
என்று உறைத்தது.

நிரல் படகு நாட்காட்டிக்குள் இருந்தது.
"அடுத்த மாதம்" என்றோர் அம்புக்குறி.
தட்டினால் அடுத்த மாதம்,
அதன் மூலையில் அதே அம்புக்குறி.
2061 மார்ச். படகு இல்லை.
2388 ஜூலை. படகு இல்லை.
2900 பிப்ரவரிக்கு இருபத்தெட்டே நாள்
என்பதுவரை பிசகாத கணக்கு.
தீவு இருக்குமோ இருக்காதோ,
ஞாயிறு தவறாமல் சிவப்பு.
பொறியொன்று பொறியில் சிக்கி
வராத நாட்களை ஒவ்வொன்றாகப்
பத்திரப்படுத்திக்கொண்டிருந்தது.
புயல் படங்களில் ஒன்றுகூட வரவில்லை.

நிறுத்தினாள்.
ஒரே ஒரு வரி எழுதினாள்: நாட்காட்டியைத் தொடாதே.
தொள்ளாயிரம் ஆண்டுகளை அழிக்க
நாலு விநாடி ஆனது.

மறுபடி முதலிலிருந்து.
ஆனால் அந்தப் பழைய சர்வர்
மூன்று மணி நேரம் ஓடவிட்டதில் களைத்துப்போய்
சொட்டுச்சொட்டாய்த்தான் கொடுத்தது.
பதினொன்றே காலுக்கு எயினாரை அழைத்தாள்.
அவர் வீட்டுச் சட்டியில் எதுவோ பொரியும் ஓசை.
"நான் அணைப்பதில்லை, அம்மா.
பன்னிரண்டு அடித்தால் அதுவே அணைந்துவிடும்.
அமைத்துவிட்டுப் போனவன் கடவுச்சொல்லையும்
கொண்டுபோய்விட்டான்."
"கடிகாரத்தைத் திருப்பிவைக்க முடியுமா?"
"எதை?"
"அந்த சர்வரின் கடிகாரத்தை."
அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தார்.
நெடுநேரம் சிரித்தார்.
பிறகு, "ஒரு மணி நேரம். அதற்குமேல்
யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்."

அப்படியாக, உலகத்துக்கெல்லாம் சனி பிறந்த பின்னும்
ஒரு தகரப் பெட்டிக்குள் மட்டும்
வெள்ளி மிச்சமிருந்தது.
கட்டணப் பட்டியல் வந்தது, கன்றுக்குட்டியோடு.
விதிகள் வந்தன.
படங்கள் வரத் தொடங்கின:
தூண் மட்டும் நிற்கும் படகுத்துறை,
கூரைமேல் ஒரு வாத்து,
வெயிலில் விரித்த கணக்குப் புத்தகங்கள்.
முப்பத்தாறு. முப்பத்தேழு.
எயினார் தொடர்பைத் துண்டிக்காமல்
மறுமுனையில் மென்றுகொண்டிருந்தார்.
முப்பத்தெட்டு.
"போச்சு" என்றார்.

முப்பத்தொன்பதாவதைத் திறந்தாள்.
கதவு முழுதாக வந்திருந்தது,
கைப்பிடி, சாவித்துளை, உரிந்த பச்சைச் சாயம் எல்லாம்.
அதைப் பிடித்த பத்து விரல்கள்.
ஈரமாய் ஒட்டிய கொஞ்சம் முடி, நெற்றி.
அதன்கீழ் சாம்பல் நிறம், விளிம்புவரை.
படக்குறிப்பு மட்டும் முன்பே வந்துவிட்டிருந்தது,
ஓர் எழுத்தும் சிதையாமல்.

பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம்:
முழுமையானதா?
ஆம் அல்லது இல்லை.
மூன்றாவதாய் ஒன்றும் தரப்படவில்லை.

மேசைக்கடியில் இடது காலணியைத்
துழாவிக்கொண்டே ஹெல்வே
அந்த நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.